சாந்திபுரத்துக்கு வந்த சினைமாடு

அந்த மாட்டை என் தரகில் விற்றவனே, தெரிந்தேதான் விற்றாய். மாட்டுத் தரகில் பல்லைப் பார்த்து வயசைக் குறைத்துச் சொல்வோம், பாலைக் கூட்டிச் சொல்வோம். நோவை மட்டும் மறைக்க மாட்டோம். என்னைப் போலச் சந்தையில் தொண்டை கிழியக் கத்திப் பிழைக்கிறவர்களே, நீங்களே கேளுங்கள்.

துண்டுக்கு அடியில்

குப்பம் பக்கத்துச் சந்தை. கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசினோம், திட்டிக்கொண்டோம், விலை படிந்தது. பளபளத்த தோல், ஈரமான மூக்கு, குறையே இல்லாத மடி. வாங்கியவள் சாந்திபுரம் முனியம்மா, கூலிக்காரி. அவளுக்கு அதுதான் முதல் மாடு. கயிற்றைக் கையில் வாங்கியதும் சொன்னாள்: "இனிமே யார் கழனியிலயும் நான் குனிய வேணாம்ணா."

கண்ணு

மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. அதன்பிறகு அக்கம்பக்கத்துச் சினைமாடுகள் ஒவ்வொன்றாக மாதம் நிறையாமல் கன்றை வீசின. ஓடி ஓடிப் போய் வெறுங்கையால் இழுத்துப் போட்டவள் முனியம்மாதான். அவளுக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல். ஊரோ, அவள் கண்ணு பட்டதுதான் காரணம் என்று தொழுவத்துக் கதவைச் சாத்தியது. நான் போய்ச் சண்டை போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எகிறினார்: "நீ கமிஷன் வாங்கிக்கினு போய்ட்ட. அவ பார்த்துக்கினு நின்னா எங்க மாடு கன்னு வீசுதுய்யா!"

தீவு ஆடுகள்

திருப்பதியிலிருந்து ஒரு மாட்டு டாக்டரம்மாவை மன்றாடி அழைத்து வந்தேன். எல்லா மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். கன்று வீச்சு நோய். அது வந்த வழி முனியம்மாவின் மாடு. இது மனுஷருக்கும் தொற்றும், அவள் காய்ச்சலும் இதுவாக இருக்கலாம் என்று அவளை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

"கொழுகொழுன்னு நிக்குதே மேடம்!" என்று கத்தினேன்.

டாக்டரம்மா ஒரு பழைய கதை சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்பு ஒரு தீவில் சிப்பாய்களுக்கு இதே காய்ச்சலாம். எங்கிருந்து வருகிறதென்று யாருக்கும் பிடிபடவில்லை. சோதனைக்காக ஊசி போட்டுப் பார்க்க ஆடுகளைப் பிடித்தார்களாம். ஊசி போடுமுன்பே அவற்றின் ரத்தத்தில் நோய். துள்ளித் திரிந்த ஆடுகள், பாலெல்லாம் கிருமி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்: "நோஞ்சானையே தேடினாங்க, நல்லா இருக்கிறதை யாரும் பார்க்கல. நீங்களும் அப்படித்தானே மாடு பார்க்கறீங்க?"

போன்

உனக்குப் போன் போட்டு, இந்த மாடு உன்னிடம் இருந்தபோது கன்று வீசியதா என்று கேட்டேன். கொஞ்சமும் கூசாமல் சொன்னாய்: "வீசுச்சு நைனா. விக்காதன்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா மாடு நல்லாத் துன்னுக்கினு, கறந்துக்கினுதானே இருக்குது?"

முனியம்மா மாட்டைத் தனியாகக் கட்டியிருக்கிறாள். வேறு சந்தைக்கு ஓட்டிவிடச் சொன்னவர்களிடம் அவள் சொன்னது: "என்னை மாதிரி இன்னொருத்தி வாங்குவாளே?" டாக்டரம்மா சொன்ன பிறகும் அவளுக்கு இன்னும் எந்தக் கதவும் திறக்கவில்லை.

எத்தனையோ மாட்டுக்குச் சந்தையில் சத்தியம் பண்ணிய உன் வாய், ஒரே ஒரு தடவை அந்தத் தெருவுக்கு வந்து, நோய் இருந்தது உன் மாட்டில்தான், அவள் கண்ணில் இல்லை என்று சொல்லட்டும். இதில் மட்டும் என்னிடம் பேரம் கிடையாது.