வடகடலுக்கு விருந்துக்குப் போனவள்

செந்தூர்பாண்டி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பாய்மரத் தோணி ஓட்டியவர். ஆறு பேர் வேலை செய்யும் தோணிக்கு அவர்தான் தலைவர், தண்டல் என்பார்கள். அவர் மனைவி ஆறுமுகத்தாய் கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் அந்தத் தோணியில் கால் வைத்ததில்லை. பெண்களைத் தோணியில் ஏற்றும் வழக்கம் அங்கே இல்லை. அவர் கிளம்பும்போது கரையில் நிற்பாள். வரும் நாளில் மறுபடி கரையில் நிற்பாள். கடலைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கரையிலிருந்து பார்த்ததும் அவர் சொன்னதும்தான்.

அவளுடைய கதையைச் சொல்வதானால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு சித்திரையில் தொடங்க வேண்டும். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் அப்போது ஊர் பாதி காலியாகிவிட்டது. ஏரலில் கட்டிக்கொடுத்திருந்த மகள் முத்துக்கனி வண்டி அனுப்பிக் கூப்பிட்டும் ஆறுமுகத்தாய் போகவில்லை. "அப்பா கடல்ல நிக்காவ. அவிய வந்து எறங்கும்போது வீடு பூட்டியா கெடக்கணும்?" என்று சொல்லி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நாலு நாள் கழித்துத் தோணி வந்தது. அதில் நாலு வெள்ளைக்காரர்கள் படுத்துக் கிடந்தார்கள். குண்டு விழுந்து மூழ்கிய நார்வே நாட்டுச் சரக்குக் கப்பலின் ஆட்கள். உயிர்ப்படகில் தண்ணீர் தீர்ந்து மிதந்தவர்களைச் செந்தூர்பாண்டி நடுக்கடலில் கண்டு ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரிகளும் வண்டியும் வந்து சேரும்வரை ஆறுமுகத்தாய்தான் நாலு பேருக்கும் நொய்க்கஞ்சியை ஆற்றி, கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள்.

மூன்று பேர் ஒரு வாரத்தில் தேறி ரயிலேறினார்கள். நாலாமவர் கப்பலின் இரண்டாவது அதிகாரி, ஹென்ரிக் என்று பெயர். காலில் புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் விடாமல் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். வேறு எதுவும் அவர் வயிற்றில் தங்கவில்லை. நர்சம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஆறுமுகத்தாய் தினமும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனாள். அவளுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு அவள் பாஷை தெரியாது. தேறிவரும் நாட்களில் அவர் ஒரு சிலேட்டு வாங்கி அவளுக்குப் படம் வரைந்து காட்டுவார். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் கடல், அதில் ஒரு கப்பல், மலைமேல் சூரியன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். "மலை தண்ணிக்குள்ள நிக்குதாம். நடுவுல கப்பல் போவுதாம். கோடையில சூரியன் அடையாதுன்னு கையைக் காட்டுதாரு. பாவம், காய்ச்சல் இன்னும் விடல."

"நானும் எத்தனையோ தண்ணி பாத்துட்டேன். தண்ணின்னா தண்ணிதான்" என்றார் செந்தூர்பாண்டி.

கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த சாயர்புரத்துத் தேவதாசன்தான் ஹென்ரிக்குக்கும் இவர்களுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்பவன். ஆறுமுகத்தாய் மறுநாள் கேட்டபோது அவன் சிரித்தான். "அது உள்ளதுதான் அக்கா. அவர் ஊர்ப்பக்கம் கடல் மலைக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ரொம்ப தூரம் உள்ள போவும். ஃபியோர்டுன்னு பேரு."

ஹென்ரிக் குணமாகிப் போனார். போர் முடிந்தது, நாடும் சுதந்திரமடைந்தது. ஆறுமுகத்தாய் அந்தச் சிலேட்டுப் படத்தை அவ்வப்போது நினைத்துக்கொள்வாள். அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

நாற்பத்தெட்டு கார்த்திகையில் ஒரு நார்வே கப்பல் வந்து வெளிக்கடலில் நங்கூரம் போட்டது. மறுநாள் காலையில் தேவதாசனோடு ஒரு நெட்டை மனிதர் தலையைக் குனிந்து அவர்கள் வீட்டு வாசலுக்குள் நுழைந்தார். ஹென்ரிக்தான். இப்போது அந்தக் கப்பலுக்கே காப்டன். ஆறுமுகத்தாய் கோழி அடிக்கச் சொல்லி ஆள் அனுப்பப் போனாள். அவரோ கஞ்சி வேண்டும் என்றார். கஞ்சியும் தேங்காய்த் துவையலும் வைத்தாள். தரையில் காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்து, இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்த காரியத்தைச் சொன்னார். அடுத்த வைகாசியில் அவர் கப்பல் இந்தப் பக்கம் வந்து, சூயஸ் வழியாக நேரே அவர் நாட்டுக்குத் திரும்பும். அங்கே ஃபியோர்டுகளுக்குள் ஊர் ஊராகச் சரக்கு இறக்கிக்கொண்டே வடக்கே போகும். கடைசியில் அவர் வீடு. பயணிகளுக்கென்று கப்பலில் சில அறைகள் உண்டு. இரண்டு பேரும் வர வேண்டும். ஆவணிக்குள் அதே கம்பெனியின் வேறொரு கப்பலில் திரும்பிவிடலாம்.

செந்தூர்பாண்டி முகம் இறுகிவிட்டது. "தேவதாசா, அவர்ட்ட சொல்லு. மனசுக்கு ரொம்ப சந்தோசம். ஆனா கடல்ல கெடந்தவன ஏத்துனதுக்குக் கூலி வாங்குனா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கடலுக்குப் போவேன்?"

தேவதாசன் சொன்னதைக் கேட்டு ஹென்ரிக் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகப் பதில் சொன்னார். தேவதாசன் அதைத் தமிழில் சொன்னான். "கூலி குடுக்க வரலையாம் அண்ணாச்சி. ஒரு மாசம் உங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டாராம். ஒரு நாளாவது நீங்க அவர் வீட்டுல சாப்பிடணும்னு பெஞ்சாதி சொல்லி விட்டிருக்காவளாம். கப்பல் நாளன்னைக்குக் கெளம்புது. அதுக்குள்ள சொன்னாப் போதும்னு சொல்லுதாரு."

அன்று சாயங்காலம் செந்தூர்பாண்டி கடற்கரையில் பாய் தைத்துக்கொண்டிருந்தார். ஆறுமுகத்தாய் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே உட்கார்ந்தாள்.

"எனக்குப் போகணும்னு இருக்கு" என்றாள்.

அவர் ஊசியை நிறுத்தினார். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவள் கேட்டதாக அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"நீங்க போற தண்ணிய நான் கரையில நின்னுதான் பாத்திருக்கேன். அங்கிட்டு என்ன இருக்குன்னு நீங்க சொல்லித்தான் தெரியும். ஒரு தடவ நானும் பாக்கேன். அவிய கூலி குடுக்கல, விருந்துக்குக் கூப்பிடுதாவ. நம்ம ஒருத்தரக் கூப்பிட்டு அவிய வரமாட்டேன்னா நமக்கு எப்பிடி இருக்கும்? வைகாசி பொறந்தா காத்து மாறி, தோணிய எப்பிடியும் கரையேத்தத்தானே போறிய."

அவர் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி ஊசியை எடுத்தார். மறுநாள் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு தேவதாசன் ஆபீஸுக்கு அவராகவே நடந்து போனார்.

அதற்குப் பிறகு வீட்டில் ஆறு மாதமும் அதே பேச்சுதான். பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி கேட்டார்கள். "ஏரல்ல ஆத்துத் தண்ணி தெருவுக்குள்ள வந்த வருசம்னு அம்மா சொல்லுவா" என்றாள் ஆறுமுகத்தாய். தேவதாசன் விசாரித்து ஒரு வருடத்தைப் பிடித்தான். பெரிய கப்பலில் தூரப் பயணம் போன பெண் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான் உண்டு. அடுத்த தெருவில் இருந்த காயல்பட்டினத்து வியாபாரி ஹாமிதின் மனைவி குல்சும். போருக்கு முன்பு ஹஜ்ஜுக்குப் போய்வந்தவள்.

"மொத மூணு நாளு கீழ அறையில படுத்திராத, தாயி. மேல காத்துல உக்காரு" என்றாள் குல்சும். "சுக்கும் நாரத்தங்கா ஊறுகாயும் கைக்கு எட்டுற எடத்துல வச்சிக்க. சேலைய ஒசத்திக் கட்டு, இல்லாட்டி ஏணியில கால் மாட்டும். பக்கத்துல இருக்கறவ பாஷை தெரியலன்னு பயந்துராத. கப்பல்ல எல்லாருக்கும் ஒரே வாந்திதான்." பேசிவிட்டு உள்ளே போய்த் தன் கம்பளிச் சால்வையை எடுத்து வந்து அவள் தோளில் போட்டாள்.

தூத்துக்குடியில் கம்பளிக்கு எங்கே போவது? போர் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை விற்றபோது வந்த கோட்டுகள் பஜாரில் கிடந்தன. இரண்டு வாங்கி, ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து ஆறுமுகத்தாய் அளவுக்கு வெட்டித் தைத்தார்கள். பங்குனி வெயிலில் அதைப் போட்டு, கான்வாஸ் ஷூவையும் மாட்டிக்கொண்டு அவள் கொல்லையில் நடந்து பழகினாள். ஏரலிலிருந்து வந்திருந்த முத்துக்கனி சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். "எம்மா, நீ போவுமுன்ன இங்கனயே வெந்துருவ." ஆனால் அரிசி வறுத்து இடித்ததும், புளியையும் கருப்பட்டியையும் சிப்பம் கட்டியதும் அந்த முத்துக்கனிதான்.

முதலில் மறுத்த செந்தூர்பாண்டிக்கு இப்போது அவளைவிட ஆவல். சூயஸ் கண்டு வந்த மாலுமி யார் கிடைத்தாலும் நிறுத்தி வைத்து விசாரித்தார்.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு நாள் மத்தியானம் தேவதாசன் தந்தியோடு ஓடிவந்தான். கப்பல் தூத்துக்குடிக்கு வரவில்லை. கொழும்போடு திரும்புகிறது. நாலு நாளில் கிளம்பிவிடும். மண்டபம் வழியாக ரயிலில் போனால் அங்கே நோய்ச் சோதனைக்கு நிறுத்தி வைப்பார்கள், நாள் போதாது.

ஆறுமுகத்தாய் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தாள். "சரி, குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றாள். பெட்டியை மூலையில் தள்ளி வைத்தாள்.

அந்த வருடத்துக் கடைசி நடையாகச் செந்தூர்பாண்டியின் தோணி வெங்காயம் ஏற்றி, மறுநாள் காலை கொழும்புக்குக் கிளம்ப நின்றது. தான் போக முடியாது என்று வேறொரு தண்டலை ஏற்பாடு செய்திருந்தார். செந்தூர்பாண்டி எழுந்து கடற்கரைக்குப் போனார். ஆட்களைக் கூப்பிட்டார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நின்றார்.

தோணி ஆட்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். அவருக்கே புரிந்துவிட்டது. "அக்காவ ஏத்துறதப் பத்தித்தான யோசிக்கிய, அண்ணாச்சி? அன்னைக்கு நாலு பேரோட நாங்க ஆறு பேரும் காஞ்ச வயிறா வந்து எறங்குனோம். அவிய வச்ச கஞ்சிய நாங்களுந்தான குடிச்சோம். ஏறட்டும். நீங்களே தண்டலா நின்னு கூட்டிட்டு வாங்க. திரும்பி வர நாங்க ஆள் பாத்துக்கிடுதோம்."

விடியலில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். கரைக்கும் தோணிக்கும் நடுவில் போட்ட பலகையில் ஆறுமுகத்தாய் ஏறும்போது ஆறு பேரும் ஒதுங்கி நின்றார்கள். ஆறுமுகநயினார் தன் துண்டை வெங்காய மூட்டைமேல் விரித்து, "இங்கன இரிங்க அக்கா" என்றார்.

தோணி கரையை விட்டு ஆடத் தொடங்கியது. வாந்தி எடுத்தாள்; சுக்கை வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் கண்ணை மூடவில்லை. சுக்கான் பக்கம் நின்ற மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் துண்டைத் தேடக்கூட அவளைக் கூப்பிடுபவர், இங்கே காற்று திரும்புவதற்கு முன்பே கயிற்றைத் தளர்த்தச் சொன்னார். சத்தம் போடாமல் சொன்னார், ஆறு பேரும் உடனே செய்தார்கள். தன் பிழைப்பு எதன்மேல் நடந்தது என்பதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். அந்த ஒன்றுக்காகவே கப்பல் வராமல் போனது நல்லதென்று அவளுக்குப் பட்டது.

தேவதாசன் கொடுத்த தந்தியைப் பார்த்து, கொழும்பில் ஹென்ரிக் படகு வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆறு பேரும் தோணியிலிருந்து கையசைக்க, இரண்டு பேரும் பெரிய கப்பலில் ஏறினார்கள்.

ஏடன், சூயஸ், பிறகு குளிர்க்காற்று. ஆனி மாதத்தில் ஒரு நாள் ஹென்ரிக் வந்து அவர்களை மேல்தளத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு பக்கமும் மலை நேராகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. உச்சியில் பனி. பாறையிலிருந்து அருவிகள் கடலிலேயே விழுந்தன. மலையடியில் ஒட்டிக்கொண்டு சிவப்பு வீடுகள், சின்னச் சின்ன வயல்கள். தண்ணீரில் அலையே இல்லை. செந்தூர்பாண்டி கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

"ஏளா, இப்பிடி ஒரு தண்ணிய நான் பாத்ததில்ல" என்றார். அவள் கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹென்ரிக்கின் மனைவி பெயர் மாரித். முதல் நாளே ஆறுமுகத்தாய் வாயில் அது மாரி ஆகிவிட்டது. மாரி ஓடிவந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. மேசையில் மீனும் உருளைக்கிழங்கும் பாலும் வைத்து, கணவரைப் பார்த்துத் தயங்கி, "சாப்பிடுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை நாள் பழகினாளோ.

மூன்று வாரம் அங்கே இருந்தார்கள். செந்தூர்பாண்டி உள்ளூர் மீன்காரர்களோடு படகில் போய்வந்தார். ஆறுமுகத்தாய் மாரியோடு சரிவில் புல் அறுத்துக் கம்பிகளில் காயப் போட்டாள். ஒரு சாயங்காலம் வேலைக்கு நடுவில் தனியாகக் கல்மேல் உட்கார்ந்தாள். கீழே கணவர் போன படகு வந்துகொண்டிருந்தது. ஊர் இருக்கும் தெற்கு எந்தப் பக்கம் என்று தெரியாததால் தண்ணீரைப் பார்த்தே கும்பிட்டாள். அந்த நாலு பேர் பிழைத்ததற்கும், இவர் ஒவ்வொரு தடவையும் கரைக்குத் திரும்பி வந்ததற்கும், தன்னை ஏற்றிக்கொண்ட ஆறு பேருக்கும் செந்தூர் முருகனிடம் நன்றி சொன்னாள். மேலும் சொல்ல இருந்தது. அதற்குள் மலைமேல் மேகம் வந்துவிட்டது. புல் நனைந்துவிடும் என்று மாரி கூப்பிட்டாள். எழுந்து ஓடினாள்.