முள் அசையாத நாற்பது

அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள், புதன்கிழமை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்குமுன் கிள்ளான் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மருந்து, கடுதாசி என்று இழுத்துப் பறித்து கோலாலம்பூரை விட்டுக் கிளம்பவே பதினொன்று பத்து.

என் கணவர் ஓட்டினார். பின் சீட்டில் இடது கதவோரம் அக்கா, தலையணையை வயிற்றோடு அணைத்தபடி, பக்கத்தில் நான். தையல் புதிது. சடாரென்று பிரேக் பிடித்தாலும் எண்ணெய் மிதித்து வேகம் கூட்டினாலும் வலிக்கும் என்று, ஊருக்குள் நுழைந்ததும் நாற்பதை விட்டு முள் அசையக்கூடாதென உத்தரவு போட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸில் பதினைந்து வருடமாகப் பிசிக்ஸ் டியூஷன் எடுக்கும் வாய். சும்மா இருக்குமா?

மனுஷரும் அப்படியே ஓட்டினார். ரவுண்டபவுட்டிலும் நாற்பது. வெளியேற வேண்டிய இடத்தில் ஒரு லோரி மறித்துக்கொள்ள, இன்னொரு முழுச் சுற்று. நான் பெருமையாக முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், அக்கா கதவோடு ஒட்டிக் கிடக்கிறாள். உதட்டைக் கடித்திருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

அப்போதுதான் உறைத்தது. வேகம் மாறவில்லை, திசை நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தது. திசை மாறினாலே திசைவேகம் மாறிவிடும். அது மாறினால் முடுக்கம் உண்டு, வட்டத்தின் மையத்தை நோக்கி. நேராகப் போகப் பார்த்த அக்காவின் உடம்பைக் கதவுதான் உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது, தையலோடு சேர்த்து. வருஷா வருஷம் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள் நான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"இருபதுக்குக் கொண்டாங்க. ராகு காலம் கெடக்கட்டும்" என்றேன். வேகம் பாதியானால் அந்த முடுக்கம் கால்வாசிதான். பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அடிக்கட்டும். அதற்குப் பிறகு எந்த வளைவிலும் இருபதைத் தாண்டவில்லை.

வீட்டு வாசலில் பன்னிரண்டே கால். ஒன்றரை வரை காரிலேயே உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தேன். அவளோ இறக்கிவிடச் சொல்லிக் கையை நீட்டினாள். அவ்வளவு வலியிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமாகத்தான் கேட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"நீ டீச்சர். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும், எனக்குத்தான் தாங்கத் தெரியலன்னு நெனச்சேன் லா."