குடத்தின் வயிற்றில் பட்டங்கள்

கண்டி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன், காலமான தன் அம்மாவின் நினைவாகக் கோயிலுக்கு ஒரு செப்புக் குடம் கொடுக்க நினைத்தார். "நம்ம மாப்ள இருக்கிறப்ப வெளிய எதுக்கு?" என்று பெயர் பொறிக்கும் வேலையை என் தலையில் கட்டினார். தட்டைத் தகடுகளில் எழுத்துப் பொறிப்பது என் பொழுதுபோக்கு.

எழுத்தை இடவலமாக மாற்றி, வழுவழுப்பான தாளில் லேசர் பிரின்ட் எடுத்து, செப்பின்மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை ஒட்டிக்கொள்ளும். மை ஒட்டிய இடத்தை அமிலம் தின்னாது. தகடு சொன்னபடி கேட்கும். குடத்தின் வயிறு கேட்குமா? தாள் சுருங்கிச் சுருங்கி எழும்பியது. அங்கங்கே கத்தரித்தால்தான் படியும். கத்தரிக்க வெற்றிடம் எங்கே? மச்சானின் பெயருக்கு முன்னால் சமாதான நீதவான், சமூகசேவைச் செம்மல், பின்னால் இன்னும் இரண்டு.

"ஒரு பட்டத்தை எடுத்துருவோமா மச்சான்?"

நன்றாக யோசித்தார். "அம்மா பேரை எடுத்துருங்க. அவங்களத்தான் எல்லாருக்கும் தெரியுமே."

அவர் போனதும், "அம்மா பேரு இல்லாம இந்தக் குடம் வாசலைத் தாண்டாது" என்றாள் மனைவி. மாமி எங்களுக்குச் செய்தது கொஞ்சமா?

குடத்தை அடுப்பில் சுடவைத்து, பட்டங்களைத் துண்டு துண்டாகத் துணியால் அழுத்தி ஒட்டினேன். அப்படியும் சமாதானத்தை அமிலம் தின்றுவிட்டது, நீதவான் மட்டும் மிஞ்சினார். குடத்தில் தட்டையான இடம் அடிப்பாகம் ஒன்றுதான். மாமியின் பெயரை அங்கே வைத்தேன். புள்ளிகூடத் தப்பாமல் பதிந்தது.

கோயிலில் மச்சான் தன் பட்டங்கள் எல்லாருக்கும் தெரியும்படி குடத்தைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். குருக்கள் வாங்கி, கும்பத்துக்குச் செய்கிறபடி வயிற்றைச் சுற்றி நெருக்கமாக நூல் சுற்றி, பட்டுத்துணியும் கட்டினார்.

"சாமி, பேரு மறையுதே."

"கும்பம்னா அப்படித்தான்" என்றார் குருக்கள்.

பூசை முடிந்து அவர் குடத்தை உயர்த்திச் சாமிமேல் சரித்தபோது, அதன் அடிப்பாகம் எங்கள் பக்கம் திரும்பியது. முன்வரிசையில் யாரோ மாமியின் பெயரை வாய்விட்டு வாசித்தார்கள். என் மனைவி அழுதாள்.

வெளியே வந்ததும் இரண்டு பெரியவர்கள் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "பெத்தவ பேரை எல்லாரும் பாக்குற மாதிரி போட்டிருக்கீங்க. யாரு யோசனை தம்பி?"

"என்னோடதுதான்" என்றார்.