பாயிலர் அறைப் பலகை

சுப்புராயனைவிடச் சுத்தமாகத் தமிழ் எழுதத் தெரிந்தவர் அந்தத் திருவொற்றியூர் எண்ணெய் ஆலையில் யாருமில்லை. அதுவே வினையாக வந்து வாய்த்தது.

ராயபுரத்திலிருந்து வெள்ளை வேட்டியோடு ரயிலில் வருவார், ஆபீஸில் உட்காருவார், கசங்காமல் திரும்பிப் போவார். 1952இல் பாயிலர் அறைக்குத் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை வேண்டுமென்று மானேஜர் சொன்னார். இங்கிலீஷ் புத்தகத்தை விரித்துவைத்து, மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினார். 'அழுத்தம் மிகுமாயின் மிகையாவிப் போக்கியைத் திறக்க' என்பது அதில் நான்காவது வரி; கூடுதல் ஆவியை வெளியே விடும் வால்வுச் சக்கரத்துக்கு அவர் கட்டிய பெயர் அது.

பாயிலர் மேஸ்திரி ஜார்ஜ் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இன்னா சார் இது? நாங்க ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு பேரு வெச்சிகீறோம். அதையே எய்தேன். ஒருவாட்டி உள்ள வா, காட்டறேன்."

"அது உங்க பேச்சு, ஜார்ஜ். இது தொழில் சம்பந்தப்பட்ட எழுத்து. அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

உள்ளே போனால் வேட்டி கரியாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்காக ஜார்ஜ் லீவு எடுத்தார். அன்றைக்கென்று பாயிலரின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. ஜார்ஜ் இருந்தால் ஒரு சத்தம் போடுவார், வேலை முடிந்துவிடும். அன்று அங்கே எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் சின்னப்பையன் என்ற தொழிலாளி ஒருவன்தான். பலகைக்கு ஓடினான், படித்தான், எதுவென்று நினைத்தானோ அந்தச் சக்கரத்தைத் திருப்பினான். கொதிக்கும் ஆவி அவன்மேல் பாய்ந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

விசாரணையில் மானேஜர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பலகையில் ஒரு பிழையும் இல்லை என்று சுப்புராயன் பதில் சொன்னார். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று முடிவை எழுதியதும் அவர் கைதான்.

அன்று சாயங்கால ரயிலிலேயே அது தொடங்கிவிட்டது. காதருகே யாரோ நான்காவது வரியை எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். 'மி...கை...யா...வி...' அதற்குமேல் போகாமல் திரும்ப முதலிலிருந்து. சோற்றில் கைவைத்தால் கேட்டது, பூஜையில் உட்கார்ந்தால் கேட்டது. சின்னப்பையன் குரலை அவர் உயிரோடு கேட்டதே கிடையாது. ஆனாலும் அவன்தான் என்று தெரிந்தது. மனிதர் பாதியாக இளைத்துப்போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவன் மனைவி பச்சையம்மா காத்திவாக்கத்திலிருந்து நடந்தே வந்தாள். அழவில்லை, ஏசவில்லை.

"அவரு தப்பான சக்கரத்தத் திருப்பிட்டாருன்னு எய்திக்கீறியாமே. சரியானது எதுன்னு காட்டு நைனா. பாத்துட்டுப் போயிடறேன்."

சுப்புராயன் எழுந்தார். அவளை அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் பாயிலர் அறைக்குள் நுழைந்தார். சுவரோரம் ஆறு சக்கரங்கள் ஒரே அளவில், ஒரே கரிநிறத்தில் இருந்தன. சுப்புராயன் கையைத் தூக்கினார். கை எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"எனக்குத் தெரியலம்மா," என்றார் கடைசியில்.

பச்சையம்மா சக்கரங்களைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"உனுக்கே தெரியல. அவரு மேல இன்னாத்துக்கு நைனா குத்தம் எய்துன?"