என் கணவர் திருத்திய பைனாகுலர்

கடையில் வாங்கும் எந்தப் பொருளும் என் கணவருக்குப் பாதி செய்து முடித்த பொருள்தான். மீதியை அவர் செய்வார். நீர்ப்பாசன அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. அங்கே தான் போட்ட கோட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. வீட்டில் மற்றவர்கள் செய்த எல்லாவற்றிலும் அவர் கைவைப்பார். பறவை பார்க்கும் குழு ஒன்றில் சேர்ந்து இருவருக்குமாக ஒரு பைனாகுலர் வாங்கியபோதே, இதுவும் அவர் கைக்குத் தப்பாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முதலில் மூடிகள். திருவனந்தபுரத்தை ஒட்டிய புஞ்சக்கரி வயலில் முதல் ஞாயிற்றுக்கிழமையே ஒரு மூடி சேற்றில் விழுந்து தொலைந்தது. புதிதாக ஒன்று செய்து, இரண்டையும் நாடாவில் கட்டித் தொங்கவிட்டார். காற்றடித்தால் மூடி ஆடி ஆடிக் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. அடுத்து ஸ்பிரிங் வைத்த மூடி. விரலால் தட்டினால் திறக்கும், திறக்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கு வயலில் இருந்த கொக்கு மொத்தமும் எழும்பிப் போயிற்று. குழுவில் சிலர் எங்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி நடக்க ஆரம்பித்தார்கள்.

பிறகு, கண் வைக்கும் இடத்து ரப்பர் விளிம்பு. காலை வெயில் பக்கவாட்டில் புகுந்து தொந்தரவு செய்கிறது என்று கண்டுபிடித்தார். நூலால் தன் கண்குழியை அளந்து, பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பழைய விளிம்பின் மேலேயே உயரமாக ஒன்று ஒட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பைனாகுலரின் நடுச் சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்து பார்ப்பவர். அவருக்கு அது பிரமாதம்.

எனக்குச் சிலிண்டர் பவர், கண்ணின் வளைவே கோணல். கண்ணாடியைக் கழற்றினால், சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் எல்லாம் கலங்கித்தான் தெரியும். போட்டுக்கொண்டு பார்த்தால், கண்ணாடியும் ரப்பரும் சேர்ந்து கண்ணை லென்ஸிலிருந்து தள்ளி நிறுத்திவிடும். பெரிய கறுப்பு வட்டம், நடுவில் சாவித் துவாரம் அளவுக்கு வெளிச்சம், அதில் என் இமைமயிர். கடையிலிருந்து வந்த நாளிலேயே இந்தக் கதைதான். அவர் திருத்திய பிறகு சாவித் துவாரமும் போயிற்று.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். முதல் நாள் காலையில் பைனாகுலர் என் கைக்கு வந்ததும் குழுவே சுற்றி நின்று, “டீச்சரே, கண்டோ?” என்று கேட்டது. அவ்வளவு பேர் ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? “கண்டு, கண்டு” என்று நானும் மலையாளத்திலேயே சொல்லிவைத்தேன். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பறவையை முதல்முறை பார்க்கிறவர் அதன் அடையாளம் ஒன்றைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் பார்த்ததாகச் சேர்த்தி. நான் முந்தின நாளே புத்தகம் படித்துவிட்டுப் போவேன். வாலடியில் வெள்ளை, அலகு நுனியில் மஞ்சள் என்று அடுக்குவேன். “எங்க வீட்டுல கூர்மையான கண்ணு அவளுக்குத்தான்” என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்வார். வகுப்பில் கணக்குப் புரியாமலே புரிந்தது என்று தலையாட்டும் பிள்ளைகளை நான் எழுப்பி நிற்கவைப்பேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஆறு வருடம். ஒரு நாள் பொய் என்றால் மறுநாள் திருத்தலாம், ஆறு வருடப் பொய்யை எந்த முனையில் பிடித்துத் திருத்துவது? அவர் முகத்தில் தெரியும் அந்தப் பெருமையை இழக்கவும் எனக்கு மனமில்லை. ஆனால் சாவதற்குள் ஒரே ஒரு பறவையையாவது ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

போன மழைக்காலத்தில் ஈரம் புகாமலிருக்க, என் குக்கர் வாஷரை வைத்துக் காற்றே நுழையாத மூடி செய்தார். திருவனந்தபுரத்து ஈரம் வெளியே நிற்குமா? ஏற்கெனவே உள்ளே இருந்தது. மூடியதும் அது அங்கேயே சுகமாகக் குடித்தனம் நடத்தியது. மழை விட்டுத் திறந்தபோது கண்ணாடி முழுக்கப் பூஞ்சை.

அவருக்கு அலுவலகம். தம்பானூரில் கேமரா பழுது பார்ப்பவரிடம் நான்தான் கொண்டுபோனேன். கடைக்காரர் பூஞ்சையைத் துடைத்ததோடு, ஒட்டியது, கட்டியது, திருகியது எல்லாவற்றையும் பிய்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார். நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும், “சேச்சி, கண்ணட போட்டிருக்கில்லே? அப்போ இத மடக்கணும்” என்று பழைய ரப்பர் விளிம்பைக் கீழே மடித்துவிட்டார். சட்டைக் காலரை மடிப்பது மாதிரி அவ்வளவு சுலபமாக மடிந்தது.

எதிர் லாட்ஜின் ஜன்னல் மேல் ஒரு புறா இருந்தது. கழுத்தில் பச்சை, கொஞ்சம் திரும்பினால் ஊதா. கண்ணுக்குள் ஆரஞ்சு வளையம். கடை வாசலிலேயே அழுதுவிட்டேன். பூஞ்சை இன்னும் போகவில்லையோ என்று கடைக்காரர் பயந்துவிட்டார்.

அந்தக் கவரைப் பார்த்து என் கணவர் முகம் சுருங்கியது. “ஞாயித்துக்கெழமை போயிட்டு வந்ததும் எல்லாத்தையும் பழையபடி ஒட்டிருதேன்” என்றார். எனக்கு இருந்தது அந்த ஒரு காலை மட்டும். அதற்குள் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் கறுப்பு வட்டம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வயலில் யாரோ நீலக்கோழியைக் காட்டினார்கள். ரப்பரை மடக்கிவிட்டுப் பார்த்தேன். தாமரைத் தண்டை ஒரு காலால் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. “அய்யோ, நெத்தி முழுக்கச் செவப்பு!” என்று கத்தியேவிட்டேன்.

“இது நாம குழுவுல சேந்த வருசமே நீ பாத்ததுல்லா?” என்றார் அவர்.

“பாக்கல. இன்னைக்குத்தான் பாக்கேன். இதுக்கு முன்னால ஒண்ணுமே பாக்கல.” சிலிண்டர் பவர், ரப்பர், புத்தகம் எல்லாவற்றையும் மற்றவர்கள் காதில் விழாமல் சொல்லி முடித்தேன்.

கோபிப்பார் என்று நினைத்தேன். பைனாகுலரை வாங்கி, விளிம்பை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாக, “வேற எதுக்கெல்லாம் இப்படி எனக்காகச் சரி சரின்னு சொல்லியிருக்கே?” என்று கேட்டார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். பதில் நீளமாக இருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன்.