முருகன் படத்துக்குப் போன காசித்தும்பை

செடிகள் வளர்க்கும் பல்கலைக்கழகக் கண்ணாடி வீட்டில் வெப்பக் குழாய் வெடித்த வாரம், இரண்டு பூச்சாடிகளை மேலங்கிக்குள் அணைத்தபடி ரயிலில், புறநகர் ரொக்ஸ்பரோவில் நானும் அக்காவும் இருந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தாவரவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே பகுதிநேர வேலை. குழாய் திருத்தும்வரை இவற்றை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று பேராசிரியர் கேட்டு முடிக்குமுன் கையைத் தூக்கியிருந்தேன்.

சாடிகளில் இருந்தது இலங்கை மலைக்காடுகளில் மட்டும் வளரும் ஒரு காசித்தும்பை இனம். காடு குறையக் குறைய அதுவும் அருகிக்கொண்டிருந்தது. விதை எடுத்து அங்கே மலைநாட்டிலுள்ள தாவரவியல் தோட்டமொன்றுக்கு அனுப்பவேண்டும். ஒரு செடியின் மகரந்தத்தைத் தூரிகையால் மற்றதன் பூவில் தடவினால்தான் காய் பிடிக்கும். இரண்டும் சேர்ந்து பூப்பதற்காக ஒரு வருடம் காத்திருந்தோம். சமையலறைச் சன்னலில் வைத்த நான்காம் நாள் இரண்டிலும் ஒவ்வொரு பூ!

தூரிகையை ஆய்வுகூடத்தில் மறந்துவிட்டு வந்திருந்தேன். எடுக்க ஓடினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு சாடியில் பூ இல்லை. டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை முடித்து வந்த அக்கா, வெள்ளிக்கிழமை என்று தலைமுழுகிவிட்டு, அதைப் பிடுங்கி முருகன் படத்துக்கு வைத்திருந்தார்.

“ஆரைக் கேட்டுப் பிடுங்கினனீங்கள், அக்கா?”

“பூப் பிடுங்க ஆரைக் கேக்கிறது? அஞ்சு வருசமா அவருக்குப் பிளாஸ்டிக் மாலை. இந்தப் பனிக்குள்ள ஒண்டு பூத்தால் வேறை ஆருக்கடி?”

மூச்சு விடாமல், அழுகையும் ஆத்திரமுமாக எல்லாவற்றையும் சொன்னேன். வைத்த பூவைச் சாமியிடமிருந்து எடுப்பதில்லை. எனக்கும் கை நீளவில்லை. அக்கா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எடு. அவரும் மலைக்காரர்தானே, கோவிக்கமாட்டார். அந்த மலை எப்பிடி இருக்கும்?”

“தெரியாது. நான் போனதில்லை.”

“போகாத இடத்துக்கோ இந்தக் கத்துக் கத்துறாய்?”

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து விமானம். நாங்கள் கண்ட இலங்கை அவ்வளவுதான். அந்த மலைகளைப் பேராசிரியரின் ஸ்லைடுகளில் பார்த்திருக்கிறேன். சொந்தத் தீவை, இருட்டறையில், சுவரில்.

படத்திலிருந்து எடுத்த பூவில் மகரந்தம் மிஞ்சியிருந்தது. மற்றச் சாடியின் பூவில் தடவினேன். காய் பிடித்தது. முற்றினால் தொட்டதும் வெடித்துச் சிதறும் காய்; துணிப்பை கட்டிக் காத்து ஏழு விதை எடுத்தேன். பொதியின் மேல் முகவரியை நான்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன்.

தபால் நிலையப் பெண் மூன்று வாரத்தில் போய்ச் சேரும் என்றாள். பிரெஞ்சில் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஏழு விதைகள் மேல் எனக்கு அப்படியொரு பொறாமை.