விரால் ஏறிய வாரி

எங்கள் ஊர் செம்பாறைப்பட்டியில் ஒலிபெருக்கி பழுதானால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. என் மதினி சுகுணா இருக்கிறார். என் அண்ணன் திருப்பதியின் மனைவி. கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தள்ளுவண்டி போட்டு, சாயங்கால நேரத்தில் மீன் வறுத்து விற்கிறவர். அங்கே நின்று அவர் "சூடா நெத்திலி" என்று ஒரு குரல் கொடுத்தால், கிளம்பிவிட்ட பஸ்ஸில் இருப்பவர்கள்கூட ஜன்னலில் தலையை நீட்டுவார்கள். மதினியைக் கேலி பேசுவது கொழுந்தனின் பிறப்புரிமை என்பதால் தைரியமாக எழுதுகிறேன். நேரில் சொன்னால் கரண்டி பறக்கும்.

நார்த்தாமலைப் பக்கத்தில் பாறைக்குன்றுகள் அதிகம். மழை பெய்தால் பாறையில் விழும் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் ஓடிவரும். எங்கள் குன்றுகளில் விழுவதெல்லாம் ஒரு வாரியில் சேர்ந்து பெரியகுளத்துக்கு வரும். வாரி என்றால் மழைத் தண்ணீர் ஓடிவரும் ஓடை. கோடையில் குளம் வற்றி இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும்போது மீன்பிடித் திருவிழா வைப்போம். சுற்று ஊர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்புவோம். யார் வேண்டுமானாலும் வலையோடு இறங்கலாம், மூங்கிலில் பின்னிய ஊத்தாக்கூடையோடும் இறங்கலாம். ஊத்தாவைக் கலங்கிய தண்ணீரில் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கைவிட்டுத் தடவினால் உள்ளே மாட்டிய மீன் கைக்கு வரும். பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும்.

அப்படியொரு திருவிழாவில்தான் எங்கள் மானம் கப்பலேறியது. வெளியூர்க்காரர்கள் வேனிலும் மினி லாரியிலும் வந்து இறங்கினார்கள். விராலுக்குப் பேர்போன குளத்தில் கிடைத்ததெல்லாம் ஆப்பிரிக்கக் கெளுத்தி. எங்கோ ஒரு பண்ணைக் குட்டையில் வளர்ந்த அந்தக் கறுப்புச் சனியனை எந்தப் புண்ணியவான் எங்கள் குளத்தில் கொண்டுவந்து விட்டாரோ தெரியாது. குஞ்சு, முட்டை எல்லாவற்றையும் அது தின்று தீர்த்திருந்தது. அன்னவாசலிலிருந்து மதினியின் அண்ணனுக்குப் பெண் கொடுத்த வீட்டார் வந்திருந்தார்கள். போகும்போது அந்த வீட்டு அம்மாள், "விரால் ஊருன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க. குளிக்க வச்சு அனுப்புறீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மதினி முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

மறுவாரம் ஊர்க்கூட்டம். எங்கள் ஊர் அம்பலம் பழனிச்சாமி ஐயா, கோயில் காரியமோ குளத்துக் காரியமோ, ஊர் சார்பில் கடைசி வார்த்தை சொல்பவர். அன்றைக்கு அவர் சுருக்கமாக முடித்தார்.

"இனிமே திருவிழாவும் வேணாம், மானக்கேடும் வேணாம். கொளத்தக் குத்தகைக்கு விட்ருவோம்."

குத்தகைக்கு விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து ஊர்களில் பார்த்திருக்கிறோம். குத்தகைக்காரர் தனக்கு வேண்டிய மீனை விடுவார், காவல் போடுவார். அப்புறம் நம் குளத்தில் நாம் கால் நனைத்தாலும் ஏன் என்று கேட்பார்கள். திருவிழாவும் அத்தோடு முடிந்துவிடும்.  மதினிதான் எழுந்தார்.

"ஐயா, ரெண்டு வருஷத்து மழை குடுங்க. அதுக்குப் பெறகு திருவிழா வைங்க. விரால் வரலைன்னா நீங்க சொன்னபடியே விட்ருங்க. குத்தகைக்காரருக்கு நானே மாலை போட்டு அழைச்சுட்டு வாரேன்."

"நீ என்ன, விராலுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கப் போறியா?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மதினி அசையாமல் நின்றார்.

"வழி இருந்தா அதுவா வரும்ங்க."

அம்பலம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி, ரெண்டு மழை" என்றார். விரால் எந்த வழியாக வரும் என்பது மதினிக்கு அப்போது சத்தியமாகத் தெரியாது.

மறுநாளே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆவூரைச் சேர்ந்த லியோ சார் கீரனூரில் பள்ளிக்கூட வாத்தியார். தினமும் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதினி வண்டியில் ஒரு தட்டு சாப்பிடுவார். அன்று மதினி தட்டைக் கையில் கொடுக்காமலே கேள்வி கேட்டார். பசியோடு நின்ற மனுஷன் அவசர அவசரமாகச் சொன்னதன் சாரம் இதுதான்: முதல் வெள்ளத்தில் விரால் குளத்தைவிட்டு வாரியில் எதிர்த்து ஏறும். மேலே கோரைப்புல் மண்டிய, முழங்கால் அளவுத் தண்ணீர் நிற்கிற இடத்தில் முட்டையிடும். ஏற வழியில்லை என்றால் அந்த வருஷத்துக்குக் குஞ்சு குறைந்துபோகும். வழியில் ஏதாவது தடை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மதினி வாரியில் நடந்தார். நான் பின்னால் போனேன், வேடிக்கை பார்க்கத்தான். முதலில் சீமைக்கருவேலம் வாரியை அடைத்துக்கொண்டு நின்றது. அடுத்து ரோட்டுப் பாலம். ரோட்டை அகலப்படுத்தியபோது போட்ட குழாய்ப் பாலம் அது. குழாயின் வாய் எங்கள் குளத்துப் பக்கம் இடுப்பு உயரத்தில் நின்றது. தண்ணீர் அங்கிருந்து அருவியாக விழும். ஏறிவரும் மீன் அதற்குக் கீழே முட்டி மோதி நிற்கும்.

"கொழுந்தனாரே, ஒங்க வீட்டு வாசல்ல படியே இல்லாம நெலைய மட்டும் ஒசரத்துல வச்சா எப்படி ஏறுவீங்க?"

"ஏணி கேப்பேன் மதினி."

"அதத்தான் அதுவும் கேக்குது."

அந்தக் கோடை முழுக்க ஞாயிறுதோறும் வேலை. முதலில் நானும் திருப்பதி அண்ணனும் மட்டும் போனோம். மதினியின் குரலுக்குப் பயந்து தெருவில் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். வற்றிய குளத்தின் சேற்றைக் கிளறிக் கெளுத்தியைப் பிடித்துத் தென்னை மரங்களுக்கு உரமாகப் புதைத்தோம். சேற்றுக்குள் பதுங்கிக் கிடந்து கூடவே மாட்டிய கொஞ்சம் விராலை மட்டும் மடையோரப் பள்ளத்தில் விட்டோம். பாலத்துக்குக் கீழே பலகைக்கற்களைச் சரிவாக அடுக்கி, நடுநடுவே மீன் நின்று மூச்சுவாங்கக் குழி வைத்து, படி மாதிரி கட்டினோம். லியோ சார் ஒருநாள் வந்து பார்த்து, கல் இடுக்கில் களிமண் அடைக்கச் சொன்னார். அடைத்தோம். ஊரே ஒரு வேலையை முடித்த பெருமையில் மிதந்தது.

ஐப்பசியில் மழை கொட்டியது. வாரி நுரைத்துக்கொண்டு ஓடியது. காலையில் பாலத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். விரால் ஏறிக்கொண்டிருந்தது! படிக்குப் படி தாவி, குழியில் நின்று, மறுபடி தாவி. படியின் இரண்டு பக்கமும் எங்கள் ஊர் சனம் கூடையோடு நின்று அள்ளிக்கொண்டிருந்தது.

முதல் வெள்ளத்தில் ஏறுகிற மீனைப் பிடிப்பது எங்கள் ரத்தத்தில் ஊறியது. அது சினை மீன், ருசி அதிகம் என்று போட்டிபோட்டுப் பிடிப்போம். அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு என்பது கையில் கூடை இருந்த எவருக்கும் உறைக்கவில்லை. முன்பு பாலத்துக்கடியில் துழாவ வேண்டியிருந்தது. இப்போது நாங்கள் கட்டிய படியில் அது தானாக வந்து கூடையில் விழுந்தது. இவ்வளவு வசதியாக எங்கள் ஊரில் யாரும் மீன் பிடித்ததில்லை.

மதினி அப்போது வீட்டில் வண்டிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். திருப்பதி அண்ணன் ஈரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"சுகுணா, ஒன்னோட விரால் வந்துருச்சு பாரு! அம்புட்டும் சினை!"

மதினி சாக்கைப் பிரித்துப் பார்த்தார். நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன். அவர் கத்தவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.  

கொஞ்ச நேரத்தில் மதினி கண்ணைத் துடைத்தார். சாக்குக்குள் விரால் துள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வெளியே எடுத்தாலும் ஈரம் இருந்தால் விரால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். எங்கள் வீடுகளில் அதை அன்றே அறுக்க மாட்டார்கள். அண்டாவில் தண்ணீர் ஊற்றி உயிரோடு வைத்திருந்து, வேண்டும்போது குழம்பு வைப்பார்கள். அது மதினிக்கு அப்போதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"கெளம்புங்க. எல்லா வீட்டு அண்டாலயும் இன்னும் உசுரோடதான் இருக்கும்" என்றார்.

அண்ணன் தலையில் ஒரு அண்டா, என் தலையில் ஒரு அண்டா. மதினி முன்னால். ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு. "ஒரு விரால் குடு, எங்க வண்டில ஒரு தட்டு வஞ்சிரம் தின்னு. அம்புட்டுத்தான் கணக்கு." சிலர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். சிலர் முறைத்தார்கள். எதிர்த்தெரு புவனேஸ்வரி மட்டும், "பிடிச்சது எங்க வீட்டுக்காரரு, திருப்பிக் கேக்குறதுக்கு நீங்க யாரு?" என்று கதவை மறித்தார்.

"நான் யாருமில்ல புவனா. அடுத்த திருவிழாவுக்கு ஒன் ஆத்தா வீட்லேருந்து வருவாகளா? வந்தா அவுகளுக்கு என்ன மீனு வைப்ப?"

புவனேஸ்வரி கதவைவிட்டு விலகினார். உள்ளே போய் அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்களோடு பாலம் வரைக்கும் நடந்தும் வந்தார். பாலத்தைத் தாண்டி வாரியின் மேல்பக்கம், கோரை முளைத்த பள்ளத்தில் எல்லாவற்றையும் விட்டோம். சில செத்து மிதந்தன. பெரும்பாலானவை புல்லுக்குள் புகுந்துவிட்டன. அந்த மாதம் முழுக்க எங்கள் ஊர்க்காரர்கள் கீரனூர் போய் ஓசி வஞ்சிரம் தின்றார்கள். மதினி முகம் சுளிக்கவில்லை.

நடுவில் வந்த கோடையில் திருவிழா வைக்கவில்லை. அடுத்த வருஷத்து மழைக்குப் படியில் கூடையே இல்லை. முறைவைத்துக் காவல் நின்றோம். புவனேஸ்வரிதான் முறை போட்டார். கொஞ்ச நாளில் கோரைக்குள் குஞ்சுக் கூட்டம் சிவப்பாகக் கொப்பளித்தது. அதற்கடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரம் பார்த்து நடுவில் தூண்டில் போட்டால் பெரிய மீன் சீறிவந்து கடிக்கும். பெரியது போனால் குஞ்சு மொத்தமும் மற்ற மீனுக்கு இரை. லீவில் வந்த அம்பலத்தின் மருமகன் கோபிநாத் அதைத்தான் செய்யப் பார்த்தார்.

"மாப்ளை! அந்தப் புள்ளைகளுக்கு ஆத்தா அப்பன் வேணாமா?" என்று மதினி இக்கரையிலிருந்து ஒரு சத்தம் போட்டார். அக்கரையிலிருந்த கோபிநாத் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வைகாசியில் திருவிழா அறிவித்தார்கள். முன்பு வந்து ஏமாந்தவர்களும் வந்தார்கள், சிரிக்கலாம் என்றுதான் வந்திருப்பார்கள். எங்கள் வழக்கப்படி அம்பலம் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்கலாம். பழனிச்சாமி ஐயா சாமி கும்பிட்டுவிட்டு வீசினார். மொத்தக் கூட்டமும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீரில் விழுந்தது.

முதலில் வந்தது ஜிலேபி மீன். அப்புறம் கெண்டை. அப்புறமும் கெண்டை. கரையில் யாரோ, "குத்தகைக்காரர் போன் நம்பர் இருக்கா?" என்றார். மதினி உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார்.  அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

நடுக்குளத்தில் ஒருவர் ஊத்தாவுக்குள் கைவிட்டவர், அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையாலும் தூக்கினார். முழங்கை நீள விரால், வெயிலில் பளபளத்துத் துள்ளியது. "விராலு!" என்று அவர் கத்தியது முடிவதற்குள் இடதுபக்கம் ஒன்று, மடையோரம் ஒன்று, வலையைக் கிழித்துக்கொண்டு ஒன்று. குலவைச் சத்தம் எழுந்தது. ஊத்தாவைக் கவிழ்த்த இடமெல்லாம் விரால். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பழனிச்சாமி ஐயா மதினி பக்கம் வந்தார். "குத்தகைப் பேச்சு இன்னையோட முடிஞ்சுதம்மா. சந்தோசம்தானே?"

"சந்தோசம்தாங்க. இப்ப இன்னொரு தடவ துண்ட வீசுங்க. எல்லாரையும் கரையேறச் சொல்லுங்க."

"என்னம்மா பேசுற? எறங்கச் சொல்லி வீசுறதுதான் வழக்கம். ஏறச் சொல்லி எந்த ஊர்ல வீசியிருக்காக? கடைசி மீன் வரைக்கும் அரிச்சு எடுத்துட்டுத்தானே ஏறுவாக. நீயே ஒரு சத்தம் போடேன்."

"நான் கத்துனா சண்டைன்னு நெனைப்பாக. நீங்க வீசுங்கய்யா. தண்ணிக்குள்ள மிச்சம் இருந்தாத்தானே மழைக்கு ஏறும்."

ஐயா குளத்தைப் பார்த்தார், கையிலிருந்த துண்டைப் பார்த்தார். கரையின் உச்சிக்குப் போய்த் துண்டைத் தலைக்கு மேலே தூக்கி வீசினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிலர் மறுபடி குனிந்தார்கள். ஐயா நிறுத்தாமல் வீசினார்.

திருப்பதி அண்ணன் அப்போதுதான் ஒரு விராலைப் பிடித்து மடியில் கட்டியிருந்தார். இன்னொன்று ஊத்தாவுக்குள் முட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் கரையைப் பார்த்தார். ஊத்தாவை மெல்லத் தூக்கி, உள்ளே இருந்ததைப் போகவிட்டார். காலி ஊத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் தெரு ஏறியது. எங்கள் தெருவைப் பார்த்து ஊர் ஏறியது. வெளியூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, கையில் மீனோடு அவர்களும் ஏறினார்கள்.

குளம் காலியானது. கலங்கிய தண்ணீரில் ஒரு விரால் துள்ளி விழுந்தது, கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கரை முழுக்க ஈரத்துணியோடு நின்ற சனம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் மறுபடி இறங்கவில்லை.